ஆறுறதுக்குள்ள வரணுமாம்

அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் பட்டம் வாங்காத ஆள் லிஃப்ட்காரர் ஒருவர்தான். அதனால் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு பட்டம் கொடுத்துவிட்டார்கள். பி.காம்.

படித்தது எட்டாவது. பட்டம் வந்த கதை வேறு. பதினொரு வருடத்துக்கு முன்னால் கீழ்த்தளத்தில் ரத்ததான முகாம் போட்டார்கள். ஊசியைப் பார்த்ததும் மேனேஜர்கள் எல்லோருக்கும் திடீரென்று அவசர மீட்டிங் வந்துவிட்டது. லிஃப்ட்காரர்தான் முதல் ஆளாகப் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு படுத்தார். பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி என்ற ஈரல் கிருமி இருக்கிறது, மற்றவர்களுக்கு ஏற்ற முடியாது, டாக்டரைப் பாருங்கள்.

வேறு யாராவது என்றால் கடிதத்தை மடித்து உள்பையில் வைத்திருப்பார்கள். இவர் லிஃப்டில் ஏறிய அத்தனை பேரிடமும் காட்டினார். "பாருங்க சார், வேணாம்னு சொல்லிட்டாங்க. அதுக்காகத் திருப்பியா குடுத்தாங்க?" ஏழாவது மாடிக் கணக்கர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "பி வந்திருக்கு. அதையும் பதறாம இவ்வளவு காமா சொல்றீங்க. இனிமே நீங்க பி.காம்," என்றார். அன்றிலிருந்து அதுதான் பெயர். முதலாளி கூட மறந்துபோய் அப்படித்தான் கூப்பிடுவார்.

கீழ்த்தளத்தில், லிஃப்டிலிருந்து ஆறே எட்டில், டெலிபோன் மேஜை. அங்கே உட்கார்ந்திருந்தவள் அவருடைய தங்கை. எட்டு வயது இளையவள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அவர்தான், அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டு அதைக் கேவலமாகப் பின்னியதும் அவர்தான். அம்மா வயிறு வீங்கி இறந்தாள். அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு யாரும் எழுத்து எதுவும் சொல்லவில்லை. வயிறு வீங்கிச்சு, போயிட்டா. அவ்வளவுதான்.

கட்டடத்தில் தங்கையின் பெயர் ட்ரிங். மாடிகளுக்கு வரும் போன்களையெல்லாம் அவள்தான் எடுப்பாள். ஆள் இருக்கையில் இல்லையென்றால் விஷயத்தைச் சின்னச் சீட்டில் எழுதி அண்ணனிடம் கொடுப்பாள். அண்ணன் அடுத்த தடவை மேலே போகும்போது அந்த மாடியில் நீட்டிவிடுவார். இந்தச் சீட்டு வேலைதான் அவளுக்கு உயிர். சொன்னதைச் சொன்னபடி எழுத அவள் கைக்கு வராது. பத்தாவது மாடிக்காரரின் மனைவி வெங்காயம் வாங்கி வரச் சொன்னால், சீட்டில், "மேலிடத்து உத்தரவு: வெங்காயம் இன்றி வீடு திரும்புவோருக்கு அனுமதி இல்லை," என்று இருக்கும். பல் டாக்டர் நேரம் சொன்னால், "உங்கள் கடைவாய்ப்பல்லுக்கு மூன்றரை மணிக்கு விடைபெறும் விழா." ஆட்கள் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கீழே வருவார்கள். சிலர் அதைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருந்தார்கள். யாருக்கும் அதுவரை அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. வெங்காயம் வீடு போய்ச் சேர்ந்தது. பல்லும் போய்ச் சேர்ந்தது.

அண்ணன் வருடத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போவார். ரத்தம் எடுப்பார்கள், வயிற்றில் பசை தடவி ஸ்கேன் பார்ப்பார்கள். "தூங்குது. தூங்கட்டும், எழுப்ப வேணாம்," என்பார் பழைய டாக்டர். வந்து மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "குழந்தை தூங்குதாம்," என்பார் இவர். அண்ணிக்குத் தடுப்பூசி மூன்றும் போட்டாகிவிட்டது. மகளுக்குப் பிறந்த அன்றே போட்டாகிவிட்டது. தங்கையையும் ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். "எனக்கு ஊசின்னா அலர்ஜி, ஊசிக்கும் நான்னா அலர்ஜி," என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

போன வருடம் பழைய டாக்டர் ஓய்வு பெற்று ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். வழக்கமாக ஒரு குப்பி ரத்தம் எடுப்பவர்கள் அன்று இரண்டு எடுத்தார்கள். "இது எதுக்கும்மா, வட்டியா?" என்று கேட்டார் அண்ணன். "பி இருக்கிற எல்லாருக்கும் இன்னொண்ணும் சேத்துப் பாக்கறோம். இருந்தா போன்ல சொல்லுவோம்," என்றார்கள். லிஃப்டுக்குள் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. பகல் முழுக்க அவர் லிஃப்டுக்குள்தான். ஆகவே தங்கை மேஜை நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்று வாரம் கழித்து அந்தப் போன் வந்தது. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், நாலு லைனிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்த சமயம்.

"ஈரல் பிரிவுலேருந்து பேசறோம். லிஃப்ட்ல வேலை பாக்கறவர் இருக்காரா?"

"அவர் இப்போ ஒன்பதாவது மாடியில மிதந்துட்டு இருக்கார். நான் தங்கச்சிதான், சொல்லுங்க."

"அவருக்கு டீ இருக்கு. உடனே வந்து டாக்டரப் பாக்கச் சொல்லுங்க."

"டீயா? பிஸ்கட் உண்டா?"

அந்தப் பக்கம் பேசிய பெண்ணுக்கு அன்றைக்கு இன்னும் எத்தனை பேரைக் கூப்பிட வேண்டியிருந்ததோ. "அம்மா, டீ. சரியா எழுதிக்கங்க. உடனே வரணும்."

"எழுதிட்டேன், எழுதிட்டேன்."

பொய் இல்லை. எழுதித்தான் இருந்தாள். எழுத்திலும் பிழை கிடையாது. ஆங்கிலத்து நாலாவது எழுத்தையும் கிளாஸில் ஊற்றிக் குடிப்பதையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத முடியும். ஆஸ்பத்திரியில் ஏதோ ஆண்டு விழாவாக்கும், பழைய நோயாளிகளைக் கூப்பிட்டு உபசரிக்கிறார்களாக்கும் என்று நினைத்தாள். மற்ற மூன்று விளக்குகளும் அவசரப்படுத்தின. சீட்டை முடித்துக் கிழித்தாள்.

"ஆஸ்பத்திரியில் உனக்கு டீ இருக்காம். ஆறுறதுக்குள்ள வரணுமாம்."

அண்ணன் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு டீக்கு ரெண்டு பஸ் மாறணுமா? நம்ம கேன்டீன்காரர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று சொல்லி, சீட்டைப் பொத்தான் பலகைக்கு மேலே ஒட்டினார். ஏறியவர்கள், இறங்கியவர்கள் எல்லோரும் படித்தார்கள். "பி.காம், டீ ஆறிடுச்சா?" என்பது இரண்டு வாரத்துக்குக் கட்டடத்தின் நகைச்சுவையாக இருந்தது. அப்புறம் வேறொன்று வந்தது. சீட்டு மட்டும் ஓரம் சுருண்டு அங்கேயே இருந்தது.

எட்டு மாதம் போனது. முதலில் செருப்பு சின்னதானது. செருப்பு சுருங்காது, கால்தான் வீங்குகிறது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அசதியை முக்காலியின் மேல் போட்டார். இருபது வருடமாக அதே முக்காலி, முதுகு உடையாதா? பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் நாலாவது மாடியில் கதவைத் திறந்துவிட்டு, மூட எழுந்தவர் எழ முடியாமல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஏழாவது மாடிக் கணக்கர் இருந்தார். கணக்கர் லிஃப்ட்காரரின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்து, "பி.காம், உங்க கண்ணு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?" என்றார். இந்தத் தடவை அதில் கேலி இல்லை.

அண்ணனை வார்டில் படுக்க வைத்துவிட்டு டாக்டர் தங்கையை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். சின்ன அறை. மேஜை மேல் ஃபைல்கள், சுவரில் ஈரல் படம், ஒரு மின்விசிறி. டாக்டர் ஃபைலைத் திறந்து விரலால் ஒரு வரியைத் தேடினார்.

"பி பத்தித் தெரியும்ல? இவருக்கு அதோட இன்னொண்ணும் இருக்கு. டீ. இப்போ நாங்க டெல்டான்னு சொல்றோம். டீன்னு சொன்னா ஜனங்களுக்குப் புரியல. ஒரு அம்மா மூணு மாசம் டீயே குடிக்காம இருந்துட்டு வந்து, 'நிறுத்திட்டேனே டாக்டர், இன்னும் போகலையா'ன்னு கேட்டாங்க."

டாக்டர் லேசாகச் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று கயிறு அறுந்த லிஃப்ட் போலக் கீழே போய்க்கொண்டிருந்தது.

"பிங்கறது ஒரு குடித்தனக்காரன்னு வைங்க. இது அவன்கூட ஒண்டிக்கிட்டு வர்ற ஆளு. பி இல்லாத உடம்புல இதால இருக்கவே முடியாது. ஆனா ஒண்டிக்கிட்டு வந்தவன்தான் வீட்ட இடிப்பான். பி மட்டும்னா முப்பது நாப்பது வருஷம் தாங்குற ஈரல், இது சேந்தா பத்து வருஷத்துல சுருங்கிடலாம்."

"இது எங்கேருந்து வந்துச்சு டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா. சுத்தம் பண்ணாத ஊசி, யாரோ ஒருத்தரோட பிளேடு, பல்லு புடுங்குற இடம். ரத்தம் ரத்தத்தத் தொட்டா போதும்."

"ரொம்பப் பேருக்கு இருக்குமா?"

"யாரும் தேடல. அதனால யாருக்கும் இல்லன்னு நெனச்சுட்டிருந்தோம். நான் வந்ததும் இங்க இருக்கிற பி ஃபைல் நூத்தி அறுபதையும் எடுத்துப் பாத்தேன். ஒன்பது பேருக்கு இருந்துச்சு. அதுல ஆறு பேருக்கு ஈரல் அப்பவே கெட்டுப்போயிருந்துச்சு. உங்க அண்ணன் மீதி மூணுல ஒருத்தர்."

"அப்போ நல்லா இருந்துச்சா?"

"சுமாரா இருந்துச்சு. வாரம் ஒரு ஊசின்னு ஒரு வருஷம் போட்டுப் பாத்திருக்கலாம். நாலு பேர்ல ஒருத்தருக்குத்தான் கேக்கும், ஆனா போட்டுப் பாத்திருக்கலாம். இப்போ வயித்துல தண்ணி சேந்துடுச்சு. இப்போ போட்டா ஊசியே ஆளக் கொண்டுபோயிடும்." டாக்டர் ஃபைலை அவள் பக்கம் திருப்பினார். "போன் பண்ணியிருக்காங்களே. இதோ பாருங்க, 'தகவல் சொல்லப்பட்டது'. டிக் போட்டிருக்கு. அங்க யாரு எடுத்தாங்கன்னு தெரியல."

தங்கை அந்த டிக்கை விரலால் ஒரு தடவை தொட்டுவிட்டு, ஃபைலை டாக்டர் பக்கமே திருப்பி வைத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கட்டடத்துக்கு வந்தாள். லிஃப்டில் பதில் ஆள் நின்றிருந்தார். பன்னிரண்டாவது மாடிக்குப் போகச் சொல்லி, அங்கே யாரையும் பார்க்காமல் அவரோடே திரும்பி இறங்கினாள். இறங்கும்போது பொத்தான் பலகைக்கு மேலிருந்த சீட்டை நகத்தால் நெம்பி எடுத்துப் பர்சில் வைத்துக்கொண்டாள். ஒரு மூலை பிய்ந்து அங்கேயே நின்றுவிட்டது. பதில் ஆள், "நல்ல சீட்டுக்கா அது," என்றார்.

மறுநாள் டாக்டர் அண்ணனிடமும் சொன்னார். டெல்டா என்றுதான் சொன்னார். தங்கை பக்கத்தில் நின்று அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் யோசித்தார். "டெல்டான்னா ஆறு கடல்ல போய்ச் சேர்ற இடமாச்சே. ஏழாவதுல படிச்சேன். அதான் வயித்துல இவ்வளவு தண்ணியா?" அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "சாகக் கிடக்கும்போதும் இந்த மனுஷனுக்கு..." என்று ஆரம்பித்து, என்ன சொன்னோம் என்று உணர்ந்து, தம்ளரைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

சொல்லிவிட வேண்டும் என்று தங்கை தினமும் நினைப்பாள். பஸ்ஸில் வரும்போது வாக்கியத்தைத் தயார் செய்வாள். அண்ணா, அந்த டீதான் இந்த டெல்டா. ஐந்தே சொல். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இரண்டு சொல் விழுந்துவிடும். கட்டிலுக்கு வந்து சேரும்போது, "சாப்பிட்டியா?" மட்டும் மீதி இருக்கும்.

இரண்டாவது வாரம் அவருக்கு நினைவு கலங்கியது. ஈரல் வடிகட்ட வேண்டிய விஷமெல்லாம் வடிகட்டாமல் மூளைக்கு ஏறிவிடுமாம். நடுப்பகலில் வந்த தங்கையைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "எந்த மாடிம்மா?" என்று கேட்டார்.

அவள் கட்டிலருகே வந்து நின்றுகொண்டு, "ஏழு," என்றாள்.

அவர் காற்றில் ஒரு பொத்தானை அழுத்தினார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார், கதவு மூடிக்கொண்டதைப் போல. அவள் குனிந்து, மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். போன் வந்தது, டீ என்றது, பிஸ்கட் கேட்டது, சீட்டு, டிக், ஊசி, நாலில் ஒன்று. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். சொல்லி முடித்ததும், "பாத்து இறங்குங்கம்மா," என்றார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் உடம்பு லேசாக இருந்தது. கேட்கத் தெரியாத ஆளிடம் சொல்லிவிட்டு லேசாக இருப்பது என்ன நியாயம் என்று அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் லேசாக இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் தித்திப்பாக ஒரு சிரப் உண்டு. வயிற்றைக் கழுவினால் மூளையும் தெளியும் என்று டாக்டர் சொன்னபோது நர்ஸைத் தவிர யாரும் நம்பவில்லை. இரண்டே நாளில் அண்ணன் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். கஞ்சியில் உப்பு இல்லை என்று சண்டை போட்டார். தங்கையைப் பார்த்து, "வா கழுதை, ரெண்டு நாளா எங்க போயிட்ட?" என்றார். ஒன்றுமே ஞாபகம் இல்லை.

அண்ணிக்கு ஆனந்தம். மகளுக்கு ஆனந்தம். தங்கைக்கும் ஆனந்தம்தான். ஆனால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்தத் தடவை கேட்கிற ஆளிடம்.

அண்ணி வீட்டுக்குப் போன நேரமாகப் பார்த்துப் பர்சைத் திறந்து சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இது லிஃப்ட்ல இருந்ததுல்ல? ஏன் பிச்ச?"

"டாக்டர் சொன்ன டெல்டா இருக்குல்ல அண்ணா. அதுக்கு இன்னொரு பேரு டீ. அன்னிக்கு அவங்க சொன்னது இதத்தான்."

அவர் சீட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது, எட்டாவது படித்தவருக்குக்கூட.

"அவங்க 'ஆறுறதுக்குள்ள'ன்னா சொன்னாங்க?"

"இல்ல."

"பின்ன?"

"உடனேன்னு சொன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க."

"அத ஏன் எழுதல?"

அவளிடம் பதில் இருந்தது. இரண்டும் ஒரே அர்த்தம்தானே, கொஞ்சம் சிரிப்பாக இருக்கட்டுமே என்று. அவள் பர்சை மூடினாள்.

"உடனேன்னு இருந்திருந்தா நான் போயிருப்பேன்," என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார். வயிறு கனத்ததால் புரளவே அவருக்குச் சிரமமாக இருந்தது. அவள் பிடிக்கப் போன கையைத் தள்ளிவிட்டுத் தானாகவே புரண்டார்.

ஐந்து நாள் அவளோடு பேசவில்லை. அவள் கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டார், பேசவில்லை. ஏதாவது வேண்டுமானால் அவள் எதிரிலேயே மனைவியிடம் சொல்வார். "அவளுக்கு வேலைக்கு நேரமாச்சுன்னு சொல்லு." அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் என்ன உங்களுக்கு டெலிபோனா?" என்று கத்தினாள். யாரும் சிரிக்கவில்லை.

ஆறாவது நாள் டாக்டர் கட்டிலருகே வந்து மூன்று பேரிடமும் பேசினார். இனி மருந்தால் ஆவதற்கு ஒன்றும் இல்லை, ஈரலை மாற்றினால்தான் உண்டு, இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் ஈரலுக்கு வரிசை நீளம், வரிசை இவர் வரை வரும் என்று சொல்ல முடியாது. உயிரோடு இருக்கும் சொந்தக்காரர் ஒரு துண்டு கொடுக்கலாம். வெட்டிய ஈரல் வளர்ந்துவிடும். அண்ணியின் ரத்த வகை சேரவில்லை. மகள் சின்னப் பெண்.

"நான் தர்றேன்," என்றாள் தங்கை. டாக்டர் வாக்கியத்தை முடிக்கவே விடவில்லை. "துண்டு என்ன, பாதியா வேணும்னாலும் எடுத்துக்கங்க."

அண்ணன் மனைவியிடம் சொன்னார்: "அவ ஈரல் எனக்கு வேணாம்னு சொல்லு."

தங்கை கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நேரே ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனாள். ஊசிக்கும் அவளுக்கும் இருந்த அலர்ஜியெல்லாம் எங்கே போனதோ, கையை நீட்டிவிட்டு, "எவ்வளவு வேணுமோ எடுங்க," என்றாள். ரத்த வகை சேர்ந்தது. அன்று கேன்டீனில் உட்கார்ந்து பல நாட்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். மனதுக்குள் கணக்குப் போட்டாள்: எத்தனை நாள் விடுப்பு, எவ்வளவு நீளத் தழும்பு. தழும்பு பெரிதாக இருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து டாக்டர் அவளைத் தனியாக உட்கார வைத்தார். கதவைச் சாத்தும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்கும் பி இருக்கும்மா. அம்மாகிட்டேருந்து ரெண்டு பேருக்கும் வந்திருக்கணும். உங்க ஈரல எடுக்க முடியாது."

"எடுத்து வைங்க டாக்டர். அவருக்கும்தான் பி இருக்கே. பியோட பி சேந்தா என்ன?"

"உங்க ஈரல்லயும் கொஞ்சம் தழும்பு தெரியுது. வெட்டினா ரெண்டு பேருமே நிக்க மாட்டீங்க."

அவள் அதற்கும் ஏதோ சொன்னாள். கெஞ்சினாள். ஒரு கட்டத்தில், "இத எழுத வேணாம், பாக்கவே இல்லன்னு வைங்க," என்றாள். டாக்டர் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். அதற்குப் பிறகுதான் அவள் நிறுத்தினாள்.

வார்டில் அண்ணன் விழித்திருந்தார். அண்ணி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தங்கை கட்டில் கால்மாட்டில் நின்று, யாரையும் பார்க்காமல், "என்னால குடுக்க முடியாதாம். எனக்கும் பி இருக்காம்," என்றாள்.

ஆரஞ்சு உரிப்பது நின்றது.

"டீ?" என்றார் அண்ணன். நேராக அவளிடம்.

"பாத்தாங்க. இல்லையாம்."

"சரியாக் கேட்டியா? எழுதியிருக்கா?"

ரிப்போர்ட்டைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, விரல் வைத்து வரி வரியாகத் தேடினார். அந்த வரி வந்ததும் விரல் அங்கேயே நின்றது. முகம் கோணியது. எட்டு மாதக் கதையைக் கேட்டபோது அழாத மனிதர், தனக்கு ஈரல் கிடையாது என்று ஆனபோதும் அழாத மனிதர், ரிப்போர்ட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

"பதினோரு வருஷம் முன்னாடியே உன்னை இழுத்துட்டுப் போயிருக்கணும்," என்றார். "ஊசின்னா அலர்ஜின்னு சொன்ன, நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

"விடுண்ணா."

"என்னத்த விட? கேளு. யாரு பிளேடும் தொடாத. எவன் ஊசி போட்டாலும் கண்ணு முன்னாடி உறை பிரிக்கச் சொல்லு. ஆறு மாசத்துக்கு ஒருதடவ இங்க வரணும். வருவியா?"

"வர்றேன்."

"வர்றேன்னு சிரிப்புக்குச் சொல்றியா, நெசமா சொல்றியா?"

"நெசமா."

"சரி, உக்காரு," என்று காலை நகர்த்தி இடம் விட்டார். அண்ணி உரித்த ஆரஞ்சை மூன்றாகப் பிரித்தாள். மன்னித்தேன் என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் பேசினார். மீதி இருந்த மூன்று வாரமும் நிறையப் பேசினார். யார் யார் எந்த மாடிக்கு யாரைப் பார்க்க ரகசியமாகப் போவார்கள் என்று இருபது வருடமாக வெளியே விடாமல் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். தங்கை வயிறு வலிக்கச் சிரித்தாள். அடுத்த கட்டில்காரர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ரத்த வாந்தி எடுத்தார். சுருங்கிய ஈரலுக்குள் போக வழியில்லாத ரத்தம் உணவுக்குழாயில் போய் முட்டி உடைத்துக்கொள்ளுமாம். நர்ஸுகள் ஓடி வந்தார்கள், திரையை இழுத்தார்கள். பதினொன்றேகாலுக்குத் திரையைத் திறந்தார்கள். கட்டடத்தில் அன்று மதியம் லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். ஏழாவது மாடிக் கணக்கர் உட்பட எல்லோரும் படியில் இறங்கி வந்தார்கள்.

ஆறு மாதம் கழித்துத் தங்கை தனக்கான சோதனைக்கு வந்தாள். கவுன்டரில் புதிதாக ஒரு நர்ஸ், படிவத்தோடு. வயது, எடை, தடுப்பூசி என்று கேட்டுக் கேட்டு எழுதினாள்.

"குடும்பத்துல யாருக்காவது ஈரல் நோய் இருந்துச்சா?"

"அண்ணனுக்கு. அம்மாவுக்கும் இருந்திருக்கும், யாரும் பாக்கல."

"அண்ணனுக்கு என்ன இருந்துச்சு, எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க."

பின்னால் வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். தங்கை நிதானமாக, ஒரு சொல்லையும் அலங்கரிக்காமல், போன் வந்த தேதியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். படிவத்தில் அதற்கு விட்டிருந்த இடம் ஒரு வரி. நர்ஸ் அதை நிரப்பினாள். பிறகு காகிதத்தைத் திருப்பி ஓரத்தில் எழுதிக்கொண்டே போனாள். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். "இருங்க, அவங்க சொல்லி முடிக்கட்டும்," என்று நிமிராமலே சொல்லிவிட்டு நர்ஸ் தொடர்ந்து எழுதினாள்.